ஸ்கூல் லஞ்ச் மணிக்கும் பாத நரம்புக்கும் என்ன சம்பந்தம்? டைப் 1 சர்க்கரை நோயில் இந்தியா கோட்டை விடும் இடம்

நவம்பர் 14. நமக்கு அது குழந்தைகள் தினம். உலகத்துக்கு அது நீரிழிவு தினம். இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃப்ரெடெரிக் பான்டிங் 1891-ல் பிறந்த நாள் அது. இரண்டும் ஒரே தேதியில் வருவதால், சர்க்கரை நோயுள்ள குழந்தைகளைப் பற்றித்தான் அன்றைக்கு அதிகம் பேசுவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நடப்பது வேறு. சில ஆண்டுகளாக அன்றைய செய்திகளில் திரும்பத் திரும்ப வருவது ஒரே ஓர் எண்தான்: இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வின் மதிப்பீடு அது. அந்த ஆய்வு எடுக்கப்பட்டது 20 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களிடம். குழந்தைகள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

அவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. சர்வதேச நீரிழிவு கூட்டமைப்பின் 2021 அட்லஸ்படி, இந்தியாவில் 20 வயதுக்குட்பட்ட சுமார் 2.29 லட்சம் பேருக்கு டைப் 1 சர்க்கரை நோய் இருக்கிறது. எண்ணிக்கையில் வேறெந்த நாட்டையும்விட அதிகம். 10.1 கோடிக்குப் பக்கத்தில் வைத்தால் சின்ன எண்தான். ஆனால் 55 வயதில் சர்க்கரை வருபவர் அதோடு 20, 25 வருடம் வாழ்வார். 7 வயதில் வரும் குழந்தை அதோடு 60, 70 வருடம் வாழ வேண்டும். அவ்வளவு நீண்ட காலத்தின் பாரம் விழுவது கண்ணிலும் கிட்னியிலும் நரம்பிலும். கண்ணையும் கிட்னியையும் பற்றிக் கொஞ்சமாவது பேசுகிறோம். நரம்பைப் பற்றிய பேச்சு, கால் எரிய ஆரம்பித்த பிறகுதான் வருகிறது. அதற்குள் பெரும்பாலும் தாமதமாகிவிடுகிறது.

'அதான் இன்சுலின் போடுறோமே, அப்புறம் என்ன?'

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். டைப் 1 வருவதற்கும் சாக்லேட்டுக்கும் சம்பந்தம் இல்லை. உடம்பின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களைத் தாக்கி அழித்துவிடுகிறது. "சின்ன வயசுல நிறைய ஸ்வீட் கொடுத்தீங்களா?" என்று அந்தக் குழந்தையின் அம்மாவிடம் கேட்கும் உறவினர்கள் இந்தியாவின் எல்லா மொழியிலும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு மருத்துவ ரீதியாக எந்த அடிப்படையும் கிடையாது.

இன்சுலின் சுரக்காது என்றால் வெளியிலிருந்து போட்டுத்தான் ஆக வேண்டும். மாத்திரையோ கஷாயமோ டயட்டோ அதற்கு மாற்று ஆகாது. 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோவில் 14 வயது லியோனார்ட் தாம்சனுக்கு முதன்முதலாக இன்சுலின் போடப்படும்வரை, டைப் 1 என்றால் மரணம் என்றுதான் அர்த்தம். அதனால் 'இன்சுலின் போட்டாச்சு, பிள்ளை பிழைச்சுக்கிச்சு' என்ற நிம்மதி நியாயமானதே.

சிக்கல் அந்த நிம்மதியில்தான் தொடங்குகிறது. உயிரோடு இருக்கத் தேவையான இன்சுலின் வேறு. நரம்பு கெடாமல் இருக்கத் தேவையான இன்சுலின் வேறு. சர்க்கரை நாள்தோறும் 250, 300 என்று இருந்தாலும் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போகும், விளையாடும், பரீட்சை எழுதும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே ஒரு கணக்கு ஏறிக்கொண்டே இருக்கும்.

நரம்பில் அப்படி என்னதான் நடக்கிறது?

தசை செல்லுக்குள் குளுக்கோஸ் போக இன்சுலின் கதவைத் திறந்துவிட வேண்டும். நரம்பு செல்லுக்கு அப்படிக் கதவு இல்லை. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறதோ, நரம்புக்குள்ளும் அவ்வளவு ஏறும். தேவைக்கு மேல் வந்த குளுக்கோஸை நரம்பு சார்பிட்டால் என்ற வேறொரு சர்க்கரையாக மாற்றுகிறது. அந்த வேலையில், நரம்பு தன்னைப் பாதுகாக்க வைத்திருக்கும் ரசாயனக் கையிருப்பு கரைகிறது. இன்னொரு பக்கம், நரம்புக்கே உணவும் ஆக்சிஜனும் கொண்டுவரும் தலைமுடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவர் தடித்துப் போகிறது. உள்ளேயும் அடி, வெளியிலிருந்து வரும் சப்ளையும் குறைவு.

எல்லா நரம்பும் ஒரே நேரத்தில் கெடுவதில்லை. நீளமானது முதலில். கால் விரல் நுனிக்குப் போகும் நரம்பு முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் தொடங்குகிறது. வளர்ந்த ஒருவருக்கு அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். ஒரே ஒரு செல்லின் வால் அது. தலைமையகம் முதுகில், கடைசி முனை கட்டைவிரலில். சரக்கு அனுப்புவதில் சிக்கல் வந்தால் கடைசி ஊருக்குத்தானே முதலில் வந்து சேராது? அதனால்தான் மதமதப்பும் எரிச்சலும் இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி ஆரம்பித்து, சாக்ஸ் போட்டதுபோல் மேலே ஏறுகின்றன. முழங்கால் வரை வரும் நேரத்தில் கைவிரல் நுனியிலும் தொடங்கலாம்.

எரிச்சல் வருபவர்கள் ஒரு வகையில் அதிர்ஷ்டசாலிகள், டாக்டரிடம் போவார்கள். பலருக்கு எரிச்சலே வராது. நேராக உணர்ச்சி குறைந்துவிடும். செருப்புக்குள் கிடந்த கல்லோ, கோவிலின் வெயிலில் கொதிக்கும் கல் தரையோ தெரியாமல் போகும். புண் வந்த பிறகு வீட்டில் வேறு யாராவது பார்த்துச் சொல்வார்கள்.

1,441 பேர், பத்து வருடம், ஒரு தெளிவான பதில்

சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் நரம்பு தப்பிக்குமா? 1980-கள் வரை மருத்துவர்களிடையே இதில் உண்மையான சண்டை இருந்தது. 'எப்படியும் வரத்தான் போகுது, எதுக்கு ஆளைப் படுத்தணும்' என்ற கட்சி அன்று பலமாகவே இருந்தது.

1983-ல் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து டிசிசிடி என்ற ஆய்வைத் தொடங்கின. டைப் 1 உள்ள 1,441 பேர், வயது 13 முதல் 39 வரை. பாதிப் பேருக்கு அப்போதைய வழக்கப்படி நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு ஊசி. மீதிப் பேருக்கு நாளுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஊசி, அல்லது இன்சுலின் பம்ப். கூடவே நாளுக்கு நான்கு முறையாவது விரலில் குத்திச் சர்க்கரை பார்க்க வேண்டும், அதற்கேற்ப இன்சுலின் அளவை மாற்ற வேண்டும்.

முதல் குழுவின் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி, 9 சதவீதம் அளவில் இருந்தது. இரண்டாவது குழுவில் 7 சதவீதம் அளவில். ரத்தச் சர்க்கரையாகச் சொன்னால், சராசரி சுமார் 212-க்கும் 154-க்கும் உள்ள வித்தியாசம். பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றலாம். ஆனால் முடிவு அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை 1993-ல், திட்டமிட்டதற்கு ஓராண்டு முன்பே நிறுத்திவிட்டார்கள். இறுக்கிப் பிடித்த குழுவில் நரம்புப் பாதிப்பு 60 சதவீதம் குறைந்திருந்தது. கண், கிட்னிப் பாதிப்பும் கணிசமாகக் குறைந்தன.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. ஆய்வு முடிந்ததும் எல்லோருக்கும் அதே தீவிர சிகிச்சை கற்றுக்கொடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் இரு குழுவின் ஹெச்பிஏ1சி-யும் 8 சதவீதம் பக்கத்தில் ஒன்றாகிவிட்டது. ஆனால் அதே ஆட்களைத் தொடர்ந்து பார்த்தபோது, 13, 14 வருடம் கழித்தும் நரம்புப் பாதிப்பில் வித்தியாசம் மறையவில்லை. முன்பு இறுக்கிப் பிடித்தவர்களில் 25 சதவீதம் பேருக்குப் பாதிப்பு, முன்பு தளர்வாக இருந்தவர்களில் 35 சதவீதம் பேருக்கு. சர்க்கரை இப்போது ஒன்றுதான். நரம்பு மட்டும் பழைய கணக்கை மறக்கவில்லை. மருத்துவர்கள் இதற்கு 'வளர்சிதை நினைவு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

'இப்போ சின்னப் பிள்ளைதானே, பெருசானதும் பார்த்துக்கலாம்' என்ற வாதம் ஏன் எடுபடாது என்று இதிலிருந்து புரியும். பிற்பாடு பிடிப்பதிலும் பலன் உண்டு. ஆனால் ஆரம்ப வருடங்களில் பிடித்ததற்கு அது ஈடாகாது.

இடையில் ஒரு விஷயம். டைப் 2-வில் சர்க்கரையைக் குறைப்பதால் நரம்புக்குக் கிடைக்கும் பலன் இவ்வளவு அழுத்தமாக நிரூபணமாகவில்லை. அங்கே எடை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. அதனால் உங்கள் சித்தப்பாவின் அனுபவத்தை வைத்து டைப் 1 பிள்ளைக்கு அறிவுரை சொல்லாதீர்கள். பெயர்தான் ஒன்று.

சரி, இந்தியாவில் 'நாளுக்கு நான்கு முறை' சாத்தியமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு நான்கு என்றால் 60 ரூபாய். மாதம் 1,800. வருடத்துக்குக் கிட்டத்தட்ட 22,000. இன்சுலின், ஊசி, பரிசோதனை எல்லாம் தனி. தினக்கூலிக் குடும்பத்தில் என்ன நடக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. முதலில் வெட்டு விழுவது ஸ்ட்ரிப்பில். கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சாரெல்லாம், ஒன்றுக்குச் சில ஆயிரம் ரூபாய் என்ற நிலையில், பேச்சுக்கே இடமில்லை.

அரசுத் திட்டம் எங்கே நிற்கிறது? ஆயுஷ்மான் பாரத் காப்பீடு வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது, ஆனால் மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டும். இன்சுலின் கிடைக்காமல் பிள்ளை கீட்டோஅசிடோசிஸில் மயங்கி ஐசியூவுக்குப் போனால் காப்பீடு உண்டு. அந்த நிலை வராமல் தடுக்கும் ஸ்ட்ரிப்புக்கு இல்லை. பிற்காலத்தில் புண் முற்றிக் காலை எடுக்க வேண்டி வந்தாலும் காப்பீடு உண்டு. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் சர்க்கரைப் பரிசோதனை தொடங்கும் வயது 30. டைப் 1 பிள்ளை அந்த வயதை எட்டும்போது, நரம்பின் கதை பாதி எழுதி முடிந்திருக்கும்.

ஐசிஎம்ஆர் 2022 ஜூனில் டைப் 1-க்கென்று தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. நாள் முழுக்க அடித்தளமாக ஓர் இன்சுலின், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் தனி இன்சுலின் என்ற முறையைத்தான் அதுவும் சொல்கிறது. ஆனால் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் கைக்குக் கிடைப்பது 30/70 கலவை இன்சுலின், காலை ஒன்று, இரவு ஒன்று. இந்தக் கலவையில் ஒரு பிடிவாதம் உண்டு. காலையில் போட்ட மருந்து மதியம் உச்சத்தில் வேலை செய்யும். அந்த நேரத்தில் சாப்பாடு வந்தே ஆக வேண்டும். பசிக்கவில்லை, கிளாஸ் முடியவில்லை, டீச்சர் விடவில்லை என்ற எந்தக் காரணமும் அதற்குத் தெரியாது.

இப்போதுதான் தலைப்பில் சொன்ன லஞ்ச் மணிக்கு வருகிறோம்.

ஆறாம் வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குக் கலவை இன்சுலின். பன்னிரண்டரைக்கு லஞ்ச். ஒருநாள் ஸ்போர்ட்ஸ் டே ஒத்திகை, சாப்பாடு ஒன்றரைக்குத் தள்ளிப்போகிறது. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குகிறது. வியர்வை, நடுக்கம், கண் இருட்டல். பையில் பிஸ்கட் இருக்கிறது, வகுப்பில் சாப்பிடக் கூடாது என்பது விதி. சிறுமி மயங்கி விழுகிறாள். வீட்டுக்கு போன் வருகிறது.

அடுத்த நாள் அவளுடைய அம்மா என்ன செய்வார்? பன்னிரண்டு யூனிட் போட வேண்டிய இடத்தில் எட்டு போடுவார். 'ஸ்கூல்ல விழுந்துடக் கூடாது, கொஞ்சம் கூடவே இருக்கட்டும்.' எந்தத் தாயும் அதைத்தான் செய்வார். அன்றிலிருந்து பள்ளி நாள்களில் அவளுடைய சர்க்கரை 250-ல் நிற்கும். ஒரு வருடம் அல்ல, பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை. டிசிசிடி ஆய்விலேயே தீவிர சிகிச்சைக் குழுவில் கடுமையான லோ சுகர் மூன்று மடங்கு அதிகமாக வந்தது. அந்த அம்மாவின் பயம் கற்பனை இல்லை. ஆனால் அந்த பயத்துக்கான விலையை, இருபது வருடம் கழித்து, சிறுமியின் பாதம் கட்டும்.

இதற்கு மருந்து, அந்தப் பிஸ்கட்டைச் சாப்பிட விடுவது. அவ்ளோதான். தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம் இதைத்தான் சொன்னது. டைப் 1 உள்ள மாணவர்கள் வகுப்பிலேயே ரத்தச் சர்க்கரை பார்க்க, இன்சுலின் போட, இடையில் சிற்றுண்டி சாப்பிட ஆசிரியர் அனுமதிக்க வேண்டும். பரீட்சை அறைக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துப்போகலாம். குளுக்கோமீட்டர், சென்சார், பம்ப் ஆகியவற்றை மறுக்கக் கூடாது. சிபிஎஸ்இ 2017-லேயே பொதுத்தேர்வு அறைக்குச் சிற்றுண்டி கொண்டுபோக அனுமதித்துவிட்டது. ஆனால் மேலிடத்துக் கடிதம் ஊர்க்கோடியில் இருக்கும் பள்ளியின் வகுப்பறைக்கு வந்து சேர்வது தானாக நடக்காது. டைப் 1 பிள்ளையின் பெற்றோராக இருந்தால், வருடத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

எல்லாமே இருட்டு என்று சொல்லவில்லை. கேரளத்தில் சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்தும் 'மிட்டாயி' திட்டத்தில் டைப் 1 குழந்தைகளுக்கு இன்சுலினும் பரிசோதனைக் கருவிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. மேற்கு வங்கத்தில் மாவட்ட மருத்துவமனைகளிலேயே டைப் 1-க்குத் தனி கிளினிக் நடக்கிறது. பிற மாநிலங்களில் அந்தந்த மருத்துவமனையையும் மருத்துவரையும் பொறுத்தது. ஒரு குழந்தையின் நரம்பு அது பிறந்த மாநிலத்தைப் பொறுத்தது என்றால், அதற்குத் தேசியக் கொள்கை என்று பெயர் சொல்ல முடியாது. இதற்கு நடுவே, நோவோ நார்டிஸ்க் நிறுவனம் மனித இன்சுலின் பேனாக்களை இந்தியச் சந்தையிலிருந்து படிப்படியாக எடுத்துக்கொள்வதாக 2025-ல் செய்தி வந்தது. குப்பியில் இன்சுலின் தொடர்ந்து கிடைக்கும். ஆனால் பேனாவிலிருந்து குப்பிக்கு மாறுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சுதான் பொருந்தும். 100 யூனிட்டுக்கான ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 4 யூனிட்தான். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று வாரக்கணக்கில் குழம்புவார்கள்.

'இன்சுலின் கூட்டினதும் கால் எரியுது, அதனால நிறுத்திட்டேன்'

இந்த வாக்கியத்தை எங்காவது கேட்டால் தயவுசெய்து காதைக் கொடுங்கள். சொல்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் எடுத்த முடிவு ஆபத்தானது.

பல வருடமாகச் சர்க்கரை மிக அதிகமாக இருந்த ஒருவர், திடீரென்று அதை வேகமாகக் குறைத்தால், சில வாரங்களில் பாதத்திலும் சில நேரம் உடம்பு முழுக்கவும் கடுமையான எரிச்சலும் வலியும் வரலாம். போர்வை பட்டாலே தாங்காது. 1933-லேயே இது மருத்துவ இதழில் பதிவாகி, 'இன்சுலின் நரம்பழற்சி' என்று பெயர் பெற்றது. பெயர் தவறாக வழிகாட்டுகிறது. பிரச்சினை இன்சுலினில் இல்லை, இறங்கும் வேகத்தில். மாத்திரையாலோ கடும் டயட்டாலோ வேகமாக இறங்கினாலும் வருகிறது. அமெரிக்காவின் ஒரு சிறப்பு நரம்பு மருத்துவ மையத்தில் 954 பேரை ஆராய்ந்து 2015-ல் வெளியிட்டார்கள். மூன்று மாதத்தில் ஹெச்பிஏ1சி 2 முதல் 3 புள்ளி குறைந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு இது வந்திருந்தது. 4 புள்ளிக்கு மேல் குறைந்தவர்களில் 80 சதவீதத்துக்கும் அதிகமானோருக்கு. நரம்புப் பிரச்சினை என்று அங்கே அனுப்பப்பட்டவர்களின் கணக்கு அது, பொதுவாக எல்லோருக்கும் இந்த விகிதம் பொருந்தாது. ஆனால் வேகம் கூடக்கூட ஆபத்து கூடுகிறது என்பது தெளிவு.

ஆக, ஹெச்பிஏ1சி 12, 13 என்று வருடக்கணக்கில் ஓடியவர் அதை ஒரே மாதத்தில் 7 ஆக்க வேண்டும் என்று வைராக்கியம் வைக்கக் கூடாது. மாதங்களில், படிப்படியாக, டாக்டரின் கண்காணிப்பில். கண்ணின் விழித்திரையையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் அதே வேகம் விழித்திரையையும் தற்காலிகமாக மோசமாக்கலாம். எரிச்சல் வந்துவிட்டால், அது பெரும்பாலும் மாதக்கணக்கில், சிலருக்கு ஒன்றரை வருடம் வரை எடுத்து, மெதுவாகத் தணிகிறது. அதுவரை வலி மருந்து கொடுப்பார்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது. டைப் 1-ல் இன்சுலினை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, அதுவும் சில நாள்களில்.

இன்னொரு எச்சரிக்கை. 'மெதுவாகக் குறை' என்பது புதிதாக டைப் 1 கண்டுபிடிக்கப்பட்டு, வாந்தியும் மூச்சிரைப்புமாக வரும் பிள்ளைக்குப் பொருந்தாது. அங்கே ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

காலில் மட்டும்தானா?

இல்லை. இதயத் துடிப்பு, ஜீரணம், வியர்வை, சிறுநீர்ப்பை ஆகியவற்றை நாம் நினைக்காமலே இயக்கும் நரம்புகளும் கெடுகின்றன. படுக்கையிலிருந்து எழுந்ததும் தலை சுற்றும். ஆண்களுக்கு விறைப்புத்தன்மை குறையும், யாரும் டாக்டரிடம் வாய் திறக்க மாட்டார்கள். வயிற்றின் நரம்பு மந்தமானால் சாப்பாடு மணிக்கணக்கில் இரைப்பையில் கிடக்கும். சாப்பிட்டதற்கு இன்சுலின் போட்டாயிற்று, ஆனால் சாப்பாடு ரத்தத்துக்கு வரவில்லை. சர்க்கரை சரியும். மூன்று மணி நேரம் கழித்துச் சாப்பாடு வந்து சேரும். சர்க்கரை எகிறும். 'ஒழுங்கா சாப்பிடாம ஏமாத்துறே' என்று வீட்டில் திட்டு விழும்.

லோ சுகர் வரும்போது உடம்பு தரும் படபடப்பு என்ற எச்சரிக்கை மணியும் மங்கிப்போகலாம். அடிக்கடி லோ வந்து பழகியவர்களுக்கும் இப்படி ஆகும், அவர்களுக்குச் சில வாரங்கள் லோ வராமல் பார்த்துக்கொண்டால் மணி ஓரளவு திரும்பும். எச்சரிக்கை இல்லாமல் நேராக மயக்கம் வருகிறது என்றால், உடனே சொல்ல வேண்டிய விஷயம் அது. அப்படிப்பட்டவர்களுக்கு ஹெச்பிஏ1சி இலக்கை டாக்டரே கொஞ்சம் தளர்த்துவார். பெரும்பாலானோருக்கு இலக்கு 7-க்குக் கீழே. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே சட்டை அல்ல.

எப்போது, எதைப் பரிசோதிக்க வேண்டும்?

டைப் 1 வந்து ஐந்து வருடம் ஆனதும் வருடத்துக்கு ஒருமுறை பாத நரம்புப் பரிசோதனை. குழந்தைகளுக்கு, பருவ வயதைத் தொட்டிருந்தால் இன்னும் முன்பே. விலை உயர்ந்த ஸ்கேன் எதுவும் வேண்டாம். 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். பள்ளி அறிவியல் ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்களே, அந்த இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். குதிகால் தசைநாணில் சுத்தியால் தட்டுவார்கள். ஐந்து நிமிட வேலை. செய்யவில்லை என்றால், ஷூவையும் சாக்ஸையும் நீங்களே கழற்றிவிட்டு உட்காருங்கள். கூட்டமான ஓபியில் இது நல்ல உத்தி.

காலில் மதமதப்பு என்றாலே சர்க்கரைதான் என்றும் முடிவு கட்ட வேண்டாம். டைப் 1 உள்ளவர்களுக்கு தைராய்டு கோளாறும், பி12 உறிஞ்சப்படாத ரத்தசோகையும் மற்றவர்களைவிட அதிகம் வரும், அவையும் நோய் எதிர்ப்பு மண்டலம் தடம் மாறுவதால் வருபவைதான். பி12 குறைவு இருந்தால் அதற்கான ஊசி நிச்சயம் உதவும். குறைவு இல்லாதவருக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் 'நரம்பு ஊசி' சர்க்கரையால் கெட்ட நரம்பைச் சரிசெய்யாது. ப்ரீகாபலின், டுலாக்சடின் போன்ற மாத்திரைகள் வலியைக் குறைக்கும், தூங்கவைக்கும். அது சின்ன உதவி அல்ல. ஆனால் நரம்பை வளர்க்கும் மருந்து இன்றுவரை கைக்கு வரவில்லை.

கடைசியாக, பெண் பிள்ளைகளைப் பற்றி. பருவ வயதில் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினை எதிர்த்து நிற்கும். தேவைப்படும் இன்சுலின் கூடும், சர்க்கரை அடங்காது. சரியாக அந்த வயதில்தான், 'வெளியே தெரிஞ்சா நாளைக்குக் கல்யாணம் ஆகுமா' என்று நோயை மறைக்கும் குடும்பங்கள் இந்தியாவில் நிறைய. உறவினர் வீட்டில், ஹாஸ்டலில், தோழிகள் முன்னால் ஊசி போட முடியாது, பாத்ரூமில் ஒளிந்து போட வேண்டும், முடியாவிட்டால் தவிர்த்துவிட வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் மூன்று நாள், ஒரு திருவிழாவில் இரண்டு நாள் என்று தவறும் ஊசிகள் அத்தனையும் ஹெச்பிஏ1சி அறிக்கையில் வந்து நிற்கும். 'பொண்ணு சொன்ன பேச்சு கேட்கிறதில்லை' என்று டாக்டரிடம் புகார் சொல்லும் முன், அவள் எந்த அறையில், யார் கண்ணில் படாமல் ஊசி போட வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.